எங்கள் வயலில் நின்ற மணப்பெண்

துணி விற்கும் வேலையில் என் மனைவி எவ்வளவு உயரம் போனாள் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. கீழே வந்தது தெரியும். அது எங்கள் வீட்டில், என் கண் முன்னால் நடந்தது. தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாலக்காட்டுப் பக்கம், சித்தூருக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் வயல், மீதி தென்னை. நான் எட்டாவதோடு நின்றவன். அவள் சித்தூர் காலேஜில் படித்தவள். பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புள்ள வேலைக்குப் போகோணும்ங்கறாளுங்க. உங்களுக்கு ஒண்ணும் எடஞ்சல் இல்லீங்களே?"

"தோட்டத்துக்கு வரச் சொல்ல மாட்டனுங்க" என்றேன்.

அதோடு பேச்சு முடிந்தது.

பாலக்காட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடச் சேர்ந்தாள். ஆடி மாதம் வந்தது. மலையாளிகளுக்கு அது கர்க்கடகம். நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள், துணியும் எடுக்க மாட்டார்கள். கடை காற்று வாங்கும். நம் ஆட்களுக்கும் ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆடித் தள்ளுபடி என்றால் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிடுவார்கள். இவள் முதலாளியிடம் போய், கொழிஞ்சாம்பாறைப் பக்கமெல்லாம் தமிழில் தட்டி வையுங்கள், ஆடித் தள்ளுபடி என்று போடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் வைத்தார். ஆட்கள் வந்தார்கள். அடுத்த வருஷம் அவள் பில் போடவில்லை. விளம்பரம் முழுக்க அவள் கைக்கு வந்தது.

அப்புறம் கொச்சியில் ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டது. கல்யாணத் துணி மட்டும் விற்கிற கம்பெனி. பாலக்காட்டிலும் அவர்களுக்குக் கடை உண்டு. எக்ஸிக்யூட்டிவ் என்று சேர்ந்தாள். கொஞ்ச வருஷத்தில் மார்க்கெட்டிங் முழுவதற்கும் தலைமை. கார் கொடுத்தார்கள். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை வருவாள். நான் இங்கே தேங்காயைப் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஒரு நடை போவாள். திரும்பி வந்துதான் பேச ஆரம்பிப்பாள். வாரம் முழுக்க மலையாளமும் இங்கிலீஷும் பேசிய வாய் நம் பேச்சுக்குத் திரும்பச் சற்று நேரம் பிடிக்கும்.

அவளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை என்னையும் கொச்சிக்கு அழைத்துப் போனாள். பெரிய ஹோட்டல். குளிர். யாரும் சாப்பிடவில்லை, கையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் என் பக்கம் வந்தார்.

"சாருக்கு எந்தா ஜோலி?"

"தேங்காய்ங்க" என்றேன்.

"ஓ! எக்ஸ்போர்ட்டோ?"

"இல்லீங்க. மரத்திலிருந்து கீழ வரைக்கும்தான்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்தார். அவள் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். வீடு வந்து சேரும் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் மேடை ஏறியபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் எழுந்தேன். அவள் பேசியது எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் முன்னால் இருந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். வேலையில் அவள் கெட்டி என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

அவளுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த யோசனை இதுதான். கல்யாணப் பட்டில் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. ஒரு மாதிரியில் ஒரு சேலைதான் நெய்வார்கள். அதை வாங்கினால் அதே சேலையை இன்னொருத்தி மேல் பார்க்க முடியாது. பெட்டிக்குள் ஒரு அட்டை இருக்கும். "இது போல் இன்னொன்று இல்லை" என்று தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்திருப்பார்கள். இரண்டும் அவள் எழுதியது. அந்த ஒரு வரிக்காகவே கூட்டம் வந்தது என்பார்கள்.

ரோட்டோரம் விளம்பரம் வைக்க இடம் தேடியபோது எங்கள் வயலையே காட்டினாள். வளைவில் இருக்கிறது, இரண்டு பக்கம் வருகிறவர்களுக்கும் தெரியும். இரும்புச் சட்டம் நட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே சும்மா விடாது. அதனால் ஃப்ளெக்ஸில் அங்கங்கே பிறை மாதிரி வெட்டிவிட்டுத்தான் கட்டுவார்கள். காற்று அதன் வழியே போய்விடும். மாசத்துக்கு ஒரு மணப்பெண் எங்கள் நெல்லுக்கு நடுவில் நின்று சிரிப்பாள்.

என் அக்காவைப் பக்கத்து ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் மகனுக்குக் கொழிஞ்சாம்பாறையில் பெண் நிச்சயமானது. ஆவணியில் கல்யாணம். கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டும். அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அம்மிணி, கூறை உன்ற பொறுப்பு. நீ எடுத்தா நாலு பேரு வாயத் தொறந்து பாக்கோணும்."

"நங்கையா, கடைக்கே வர வேண்டாமுங்க. நானே கொண்டாந்து குடுக்கறேன்" என்றாள் இவள். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கொண்டுவந்தாள். மாந்தளிர் நிறம், அரக்குக் கரை. முந்தியில் தென்னம்பாளை வெடித்த மாதிரி ஜரிகை வேலை. எனக்கே பிடித்தது. அக்கா அதை வாங்கி இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். பெண் வீட்டாருக்குக் காட்டினார்கள். அவர்களுக்கும் சந்தோஷம். அட்டையை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்களாம். அக்கா சேலைப் பெட்டியைச் சாமி அறையில் வைத்துப் பூப்போட்டாள்.

கூறை என்றால் என்ன என்று வெளியாளுக்குச் சொல்ல வேண்டும். அது முகூர்த்தச் சேலை. மணப்பெண்தான் அதை முதலில் உடுத்த வேண்டும். அதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறையைக் கையில் ஏந்தி நிற்பாள். அவள்கூட ஏந்தத்தான் செய்வாள், உடுத்த மாட்டாள். வேறு உடம்பில் பட்டது கூறையாகாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறந்ததிலிருந்து தெரியும்.

அடுத்த வாரம் வயலில் புது ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அவள் கொச்சியில் இருந்தாள். நான் மடை திருப்பப் போனபோது பார்த்தேன். மாந்தளிர் நிறம், அரக்குக் கரை. முந்தியில் தென்னம்பாளை. நம் சேலை என்று நினைத்தேன். நன்றாக இருக்கிறது என்றும் நினைத்தேன். அதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

பெண்ணின் அம்மாவுக்கு அதற்கு மேலும் போனது. கொல்லங்கோட்டுக்கு ஏதோ வேலையாகப் போகும் வழியில் பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, கூடவே என் அக்கா. அக்கா மடியில் அந்தப் பெட்டி. என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

பெண்ணின் அப்பாதான் பேசினார். சத்தம் போடவில்லை.

"அம்மிணி, ஒரே வார்த்தைதான். உங்க வயல்ல நிக்கற பொம்பள கட்டியிருக்கறது இதா, வேறயா?"

"ஏனுங்க கேக்கறீங்க?"

"பொட்டிக்குள்ள சீட்டு இருக்குது. இதாட்ட இன்னொண்ணு இல்லைன்னு. அப்பறம் அவ எதைக் கட்டீட்டு நிக்கறா?"

அக்கா முந்திக்கொண்டாள்.

"வேறயாத்தான் இருக்குமுங்க சம்பந்தி. கம்பெனின்னா நாலு நெய்ய மாட்டாங்களா? சீட்டுல ஆயிரம் எழுதுவாங்க. சொல்லு அம்மிணி."

பெண்ணின் அம்மாவும் சொன்னார். "மடிப்புப் பிரிச்சுத் தேடிப் பாத்துட்டேன். ஒரு ஊசி ஓட்டைகூட இல்லீங்க. நீங்க வேறன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிடறோம்."

அவர்கள் எல்லோரும் அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தார்கள். வேற என்று சொன்னால் அங்கேயே முடியும். விளம்பரம் என்றால் பொய்தானே என்று சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார்கள். கல்யாணம் நடக்கும். அவள் நாளைக் காலை கொச்சிக்குப் போவாள். அதே என்று சொன்னால் கூறை போச்சு, அக்கா முகம் போச்சு, நாளைக்கு அது எங்கெங்கே போகும் என்று தெரியாது. இது எனக்கே விளங்கியது என்றால் அவளுக்கு விளங்காமல் இருக்காது. என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் வேலை, அவள் வார்த்தை.

"அதேதானுங்க" என்றாள். "நாந்தான் பக்கத்துல நின்னு படம் எடுக்க வச்சேன். கட்டறதுன்னா கட்டறதில்லீங்க. முன்னால மடிப்பு வச்சு, பின்னால கிளிப்புப் போட்டு நிறுத்தறதுங்க. சித்த நேரந்தான். அப்பறம் தேச்சு மடிச்சுக் கடைக்குப் போயிரும். எல்லாச் சேலையும் அப்படித்தானுங்க."

"மேல பட்டுச்சா, இல்லியா?" என்று பெண்ணின் அம்மா கேட்டார்.

"பட்டுச்சுங்க."

அக்கா பெட்டியை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"தெரிஞ்சுதானுங்க நங்கையா. தப்புன்னு தோணலீங்க. இருக்கறதுலயே நல்லது அதுன்னுதான் எடுத்து வச்சேன். அங்கெல்லாம் அப்படித்தான்."

"அங்க செரி" என்றாள் அக்கா. "நீ எங்க பொறந்தவ?"

அவர்கள் எழுந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலில் நின்று, "பொய் சொல்லாததுக்குச் சந்தோசமுங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனார்.

மறுநாள் அவர் பாலக்காட்டுக் கடைக்குப் போய் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர்கள், புதுச் சேலைதான், மாற்ற முடியாது என்றார்கள். உங்கள் மேடமே சொன்னார் என்று இவர் சொன்னார். கடையில் கூட்டம். எல்லோர் கையிலும் போன். சாயங்காலத்துக்குள் கொழிஞ்சாம்பாறை முழுக்கத் தெரிந்துவிட்டது. அங்கே கூறை எடுத்த வீட்டாரெல்லாம் பழைய விளம்பரங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தங்கள் வீட்டுப் பெண் கட்டிய சேலையைப் படத்தில் பார்த்த சிலர் கடைக்கே வந்து கத்தினார்கள். மலையாளிகளுக்குக் கூறை என்று ஒன்று இல்லை. ஆனால் ஒருத்தி உடுத்ததைப் புதுசென்று விற்றது அவர்களுக்கும் புரிந்தது. அட்டையில் அவள் எழுதிய வரியையே போனில் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள்.

கம்பெனி அவளைக் கூப்பிட்டது. திட்டவில்லையாம். ஒரே ஒரு யோசனை சொன்னார்கள். குடும்பத்துக்குள் ஏதோ மனஸ்தாபம், அவசரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், படத்துக்கென்று தனியாக ஒரு சேலை நெய்வது உண்டு என்று அவள் பேசி ஒரு வீடியோ. அவள் பேசினால் எல்லாம் அடங்கிவிடும், அவளும் அங்கேயே இருக்கலாம்.

இதை அவள் என்னிடம் போனில் சொன்னாள். ஆபீஸ் வராந்தாவில் நின்று பேசினாள் போல, பின்னால் லிஃப்ட் சத்தம் கேட்டது.

"என்ன பண்ணட்டுமுங்க?"

"உனக்கு எது செரின்னு படுது?"

"ஒருக்காச் சொன்னதை மாத்திச் சொன்னா நங்கையா மூஞ்சில எப்படிங்க முழிக்கறது? இப்பவே முழிக்க முடியலை."

"அப்ப வந்துரு" என்றேன்.

கார் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலில் வந்தாள்.

கொஞ்ச நாள் போன் அடித்தது. பிறகு குறைந்தது. பிறகு லோன் வேண்டுமா என்று கேட்கிற பாங்க்காரர்கள் மட்டும் பேசினார்கள். அவள் கை கொடுத்துத் தூக்கிவிட்ட ஆட்கள் நிறையப் பேர். அவர்கள் யாரும் கூப்பிடவில்லை. அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பகலில் என்னோடு தோட்டத்துக்கு வந்தாள். வரச் சொல்ல மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னதுபோல நான் வரச் சொல்லவில்லை, அவளாக வந்தாள். அவளுக்கு அந்த வேலை வராது. தேங்காய் பொறுக்கினால் கூடையை எங்கேயாவது விட்டுவிடுவாள். சும்மா நிற்பதற்கு அது தேவலை.

வயலில் இருந்த ஃப்ளெக்ஸை அவிழ்க்க ஆட்கள் வந்தார்கள். அவளும் வரப்பில் நின்று பார்த்தாள். அந்த முகம் முதலில் மடிந்தது, அப்புறம் தோள், அப்புறம் முந்தி. வந்தவர்களில் ஒருவன் என்னிடம், "சேட்டா, கொப்பரை ஒணக்கான் வேணோ?" என்று கேட்டான். பழைய ஃப்ளெக்ஸில் கொப்பரை காயப்போடுவது இங்கே வழக்கம். நான் அவளைப் பார்த்தேன்.

"வாங்கிக்கங்க" என்றாள். "நல்ல தடிப்பான மெட்டீரியல். நானே சொல்லிப் போட்டது."

முகம் அடியில் இருக்கும்படி விரித்தோம்.

கல்யாணம் வந்தது. அக்கா வேறு கூறை எடுத்துவிட்டாள். எங்கே எடுத்தாள் என்று சொல்லவில்லை. பத்திரிகை என் பேருக்கு வந்தது. அக்கா நேரில் வந்து அழைக்கவில்லை, அக்கா வீட்டுக்காரர் வந்து வைத்துவிட்டுப் போனார். நான் தாய்மாமன், போயே ஆக வேண்டும்.

"நா வரலீங்க" என்றாள்.

"செரி. சீர்த்தட்டை யாரு தூக்கறது?"

தாய்மாமன் சீரை அவன் மனைவிதான் தூக்கிப் போக வேண்டும். அவள் எழுந்து போய்ச் சாதாரணச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் நுழையும்போதே ஒரு குரல் கேட்டது. "வெளம்பரக்காரி வர்றாடி. அவங்கவங்க சேலையப் பத்தரமாப் புடிச்சுக்கங்க." நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நேராக நடந்தாள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அவள் பார்க்காததால் நானும் பார்க்கவில்லை.

அக்கா மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். தட்டை வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "மொதல் பந்தியில உக்காந்துக்க. அப்பறம் எடம் கெடைக்காது" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். என் மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இணைச்சீர் முடிந்து கூறை பெண் கைக்குப் போனது. உடுத்தப் போன பெண் வெகு நேரம் வெளியே வரவில்லை. புதுப் பட்டு விறைப்பாக இருந்து மடிப்பு நிற்கவில்லையாம். சடங்கு நடத்துகிற அருமைக்காரர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். பெண்ணின் அம்மாவே வெளியே வந்து, என் மனைவி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார்.

"சித்த வர்றீங்களா? உங்களுக்குக் கை பழகுனது."

போனாள். பெண் சீக்கிரமே வந்து மணையில் உட்கார்ந்தாள். மடிப்பு அச்சடித்த மாதிரி நின்றது.

வீட்டுக்கு வரும் வழியில், ஸ்கூட்டரில் பின்னால் இருந்து சொன்னாள். "ஏனுங்க, அந்தப் புள்ள என்ற காதுல என்ன சொன்னா தெரியுங்களா? அத்தை, எனக்கு அந்தச் சேலைதான் புடிச்சிருந்துச்சுன்னா."

"நீ என்ன சொன்ன?"

"அசையாம நில்லு, மடிப்புக் கலையுதுன்னேன்."

அதற்குப் பிறகு கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று பேசியது. அவர்களுக்கும் கல்யாணத் துணி வியாபாரம்தான். இரண்டு பேர் காரில் வந்தார்கள். மரியாதையான ஆட்கள். நடந்ததெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பழைய வேலையைவிடப் பெரிய வேலை தருகிறோம் என்றார்கள். ஒன்று மட்டும் கேட்டார்கள். விளம்பரத்தில் அவள் படமே இருக்க வேண்டும். வேலை போனாலும் பொய் சொல்லாத பெண் சொல்கிறாள், எங்கள் கூறை யாரும் உடுத்தாதது. அப்படி ஒரு வரி. அவள் படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தையைத் திருத்தக்கூடச் செய்தாள், பழக்கம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள்.

கார் ரோட்டில் ஏறிய பிறகு என்னிடம் சொன்னாள். "நல்ல யோசனைங்க. ஓடும்."

"அப்ப போ."

"இல்லீங்க." கார் போன ரோட்டைக் கை காட்டினாள். "அன்னிக்கு நா சொன்னது நங்கையாகிட்டச் சொன்னது. அதைக் கொண்டுபோய் ரோட்டுல நிறுத்தறதுக்கு இல்லை."

"யோசிச்சுக்க."

"ஓடும்னு தெரியுதுல்லங்க. அதுனாலதான் வேண்டாங்கறேன்."

அன்றைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நன்றாகச் சிரித்துப் பேசித்தான் சொன்னாள்.

இப்போது கொல்லங்கோட்டில் ஒரு சின்னத் துணிக்கடையில் நிற்கிறாள். சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. கடையில் எல்லோரும் செய்வதுபோலச் சேலையைத் தன் தோளில் போட்டு முந்தியைப் பிடித்துக் காட்டுவாள். நன்றாக விற்கிறாள் என்று முதலாளி சொல்கிறார். தோளில் போட்டுக் காட்டுவதை இங்கே யாரும் உடுத்தியதாகச் சொல்வதில்லை. கிளிப்புப் போட்டு நிறுத்தியதை மட்டும் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று நான் யோசித்ததுண்டு. கோடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் யோசித்திருப்பாள். ஆனால் கூறைக்கு என்று சொல்லி யாராவது வந்தால் தோளில் போட மாட்டாள். மேசையில் விரித்து, ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டுவாள். அப்படிக் காட்டினால் சேலை எடுபடாது, போட்டுக் காட்டம்மா என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

"எடுக்கறவிய எடுப்பாங்க சார்" என்கிறாள்.